இடது பக்கத்து நட்டு

"எப்ப முடியும்ணே?" என்று மோட்டார் கடை அண்ணனிடம் கேட்டு ஒரு தேதியைப் பதிலாக வாங்கியவர்கள் செல்லூரில் யாரும் இல்லை. கேட்டால் கையிலிருக்கிற ஸ்பேனரைக் கீழே வைப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "ஊறட்டும்" என்பார். அவ்வளவுதான். கேட்டது பிடித்துக்கொண்ட தறி மோட்டாரைப் பற்றியா, கோபித்துக்கொண்டு போன மருமகளைப் பற்றியா என்ற வித்தியாசமெல்லாம் அவருக்குக் கிடையாது. எல்லாமே ஊற வேண்டும்.

எனக்கு நேர் எதிர்ப் புத்தி. குக்கரில் ஆவி அடங்குவதற்குள் மூடியைத் திருகுகிறவள் நான். பஸ் நிற்பதற்குள் இறங்குகிறவள். இப்படி ஒருத்தியையும் அப்படி ஒருவரையும் ஒரே சந்தில் எதிரெதிராக உட்கார வைத்துவிட்டு மேலே யாரோ சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுப்பார். இறுகிப்போனதைக் கழற்றிக் கொடுப்பார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியின் ஒரு பக்கக் காது உடைந்து, அந்த இடத்தில் தறி நூல் கட்டியிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டில். உள்ளே டீசலும் ஆயிலும் கலந்து வைத்திருப்பார். அந்தச் சட்டைகளைத் துவைத்தே தன் ஆயுசு போய்விட்டதாக அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அப்போது கப்பலூரில் ஒரு துணிக் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தேன். ஒன்பது வருடம். கத்தரியைக் கையில் எடுத்த உடனேயே அதன் யோக்கியதை எனக்குத் தெரிந்துவிடும். சாணை பிடிக்கக் கொடுத்தால், வேகமாகச் சுற்றுகிற கல்லில் அழுத்தித் தேய்த்து, விளிம்பு நீலம் பாரித்துத் திரும்பி வரும். அப்புறம் அந்தக் கத்தரி துணியை வெட்டாது, மெல்லும். செல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை தையல்காரர்கள்! ஒழுங்காகச் சாணை பிடிக்க ஒரு கடை போட்டால் என்ன என்று எனக்குள் ஒரு பேய் புகுந்துகொண்டது.

சந்தில் ஒரு அறை கிடைத்தது. மூடிப்போன ஒரு பட்டறையின் சாமான்களோடு, பழைய இரும்புக் கடையில் மிஷினும் கிடைத்தது. பெஞ்ச் கிரைண்டர். நடுவில் மோட்டார், பக்கத்துக்கு ஒரு கல். பச்சை பெயின்ட், வார்ப்பிரும்பு உடம்பு. இரண்டு பேர் தூக்கினால்தான் நகரும். அந்தக் காலத்து மெதுவான மோட்டார், கத்தரி சூடாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்து வருடம் மழையில் கிடந்திருக்கிறது. நட்டு, கல், பேரிங், மூடி எல்லாம் துருவில் ஒரே பிண்டமாகியிருந்தது.

அறைக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்தது. "என்னத்தா, மாவு மில்லா போடப் போற?"

"சாணை பிடிக்கிற மிஷின்ம்மா."

"எதுவோ ஒண்ணு. இப்ப ஆனி. ஆடியில யாரும் கடை தொறக்க மாட்டாக. ஆவணி பொறந்து மொத முகூர்த்தத்துல நீ தொறக்கணும். இல்லைன்னா ரீசார்ஜ் கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்கு விட்டுருவேன். பின்னால அழக்கூடாது."

என் வீட்டுக்காரர் கப்பலூரில் லோடு வேன் ஓட்டுகிறார். அதிகம் பேசாத ஆள். மிஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். "இது மொதல்ல ஓடட்டும். ஓடுச்சுன்னா வேலைய விடு. அதுவரைக்கும் விடாத, சரியா?" என்றார். தலையாட்டினேன். ஆவணிக்குள் மிஷின் ஓட வேண்டும், அப்புறம்தான் எனக்குக் கடை. அம்புட்டுத்தான் கணக்கு.

முதல் ஞாயிற்றுக்கிழமை வலது பக்கத்து நட்டு கழன்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இடது பக்கத்து நட்டு அசையவில்லை. அடுத்த ஞாயிறும் அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு நீளமான பைப்பைச் சொருகி, பைப்பின் மேல் ஏறி நின்று குதித்தேன். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு பொம்பளை பைப்பில் குதிப்பதைச் சந்தே வேடிக்கை பார்த்தது. எதிர்க்கடையில் அவரும் டீ டம்ளரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டீ குடிப்பதே ஒரு கூத்து. ஆடை கட்டி, ஆடை சுருங்கி, டீக்கடைக்காரர் டம்ளரைத் திரும்பக் கேட்டு ஆளனுப்பிய பிறகுதான் முதல் மிடறு.

கடைசியில் வெறுத்துப்போய் நானே அவரிடம் போனேன்.

"அண்ணே, இந்த நட்டு என்னண்ணே இப்படிப் பண்ணுது? ரெண்டு வாரமா உசுரக் குடுக்குறேன்."

"ஆமா, பாத்தேன்" என்றார். "நல்லா முறுக்கியிருக்கீக தங்கச்சி."

"முறுக்கலண்ணே, கழட்டுறேன்!"

"இடது பக்கத்துல மரை தலைகீழா இருக்கும். இல்லைன்னா கல்லு சுத்துற சுத்துல நட்டு தானா கழண்டு வந்துரும்ல? எல்லா நட்டும் கழட்டுற பக்கம் திருப்புனா, இது இறுகும். இப்ப அதுல பாதி துரு, பாதி நீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பைப்பாலேயே அவரை ஒரு போடு போட்டிருப்பேன். "ரெண்டு வாரமா பாத்துக்கிட்டுத்தான் இருந்தீகளா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே" என்றார். "கோவமா இருந்தீக. கோவத்துல சொன்னா ஏறாது."

அன்றைக்கே வேலையைக் கையில் எடுத்தார். எடுத்தார் என்றால் என்ன? தறிக்கழிவு நூலைச் சுருட்டி, நட்டைச் சுற்றித் தலைப்பாகை மாதிரி கட்டினார். பையிலிருந்து இருமல் மருந்து பாட்டிலை எடுத்து நாலு சொட்டு விட்டார். போய்விட்டார். மறுநாள் காலை நாலு சொட்டு, சாயங்காலம் நாலு சொட்டு. இடையில் ஒரு சின்னச் சுத்தியலால் நட்டின் ஆறு முகத்திலும் தட்டுவார். வீட்டுக் கதவைத் தட்டுகிற அளவுதான். தட்டும்போது அதனிடம் ஏதோ பேசுவார். அவர் சௌராஷ்டிரர். எங்களிடமெல்லாம் மதுரைத் தமிழ்தான் பேசுவார். நட்டுகளிடமும் போல்ட்டுகளிடமும் மட்டும் வீட்டுப் பாஷை.

"என்னண்ணே சொல்றீக அதுகிட்ட?"

"சும்மா வெசாரிக்கிறேன்."

நான் கல்லை உடைத்து எடுத்துவிடலாம் என்றேன். கல்லை ஒரு மரக்கட்டையால் தட்டிக் காட்டினார். மண்பானையில் விரிசல் விட்டால் வருகிற மாதிரி ஒரு செத்த சத்தம். "கீறல் இருக்கு. இதை வச்சு ஓட்டக் கூடாது, தூரப் போடுறதுதான். ஆனா உடைக்க மாட்டேன். தெறிச்சா உங்க கண்ணுல படும். அதிர்ச்சியில ஷாஃப்ட்டு வளைஞ்சா இந்த மிஷினுக்கு வேற ஷாஃப்ட்டு கிடையாது. ஊறட்டும்."

சுத்தியலை ஓங்கி அடிக்கிற ஆட்களைக் கண்டால் அவருக்கு உண்மையிலேயே உடம்பு கூசும். ஒரு தடவை தறிப் பட்டறை முதலாளி ஒருவர் கடை வாசலில் நின்று, மோட்டாரை இன்னும் தரவில்லை என்று கண்டபடி கத்தினார். இவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரை உட்கார வைத்தார். தானும் எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம். முதலாளிக்குத் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் கொடுத்தார். போகும்போது அந்த மனிதர், "மன்னிச்சுக்கங்க, வீட்டுல ஒரு பிரச்சினை" என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் அடுத்த வாரம்தான் போனது.

பக்கத்து வீட்டில் எவர்சில்வர் டம்ளருக்குள் டம்ளர் மாட்டிக்கொண்டது என்று கொண்டு வந்தார்கள். வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் வைத்தார், உள் டம்ளரில் ஐஸ் போட்டார். சும்மா உட்கார்ந்திருந்தார். 'டக்'கென்று தானாக விட்டுக்கொண்டது. அதற்கு அவர் பட்ட சந்தோஷம்! டம்ளர் கொண்டு வந்தவளே இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

அவர் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அந்த அக்கா சிரிக்கவில்லை. "உனக்கென்னம்மா, சிரிப்ப. எங்க கல்யாணத்துல எனக்கு மெட்டி ஏறல. விரல் வீங்கியிருந்துச்சு. மண்டபமே அழுத்து அழுத்துங்குது. இந்த மனுசன் மணவறையில உக்காந்துக்கிட்டு எண்ணெய் கேக்குறாரு. தேங்கா எண்ணெயத் தடவிட்டு, கொஞ்ச நேரம் போகட்டும்னு கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு. ஐயரு வாட்சப் பாக்குறாரு, எங்கப்பா என்னையப் பாக்குறாரு."

"வலிச்சுச்சாக்கா?"

"இல்ல" என்றார் அக்கா, மெட்டியைத் திருகிக்கொண்டே. "வலிக்கல."

இதற்கு நடுவில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஆடி பிறந்து நாலாம் நாள், கம்பெனியில் சூப்பர்வைசரோடு சண்டை. மழுங்கிப்போன கத்தரியைக் கொடுத்துவிட்டு, துணி பிசிறுகிறது என்று என்னைக் குற்றம் சொன்னான். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி அவன் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்து நாலு ரோடு நிறுத்தத்தில் நின்றபோதுதான் வீட்டுக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. 'ஓடுச்சுன்னா வேலைய விடு' என்றாரே மனுசன். மிஷின் ஓடவில்லை. நட்டே இன்னும் கழலவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

சொல்லவில்லை. கோச்சடை வீட்டிலிருந்து தினமும் காலையில் வீட்டுக்காரர் கட்டிக் கொடுக்கிற டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன், கப்பலூருக்குப் போகாமல் செல்லூருக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தவள் தினமும் வர ஆரம்பித்ததை அண்ணன் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். ஏன் என்று கேட்கவில்லை. ஸ்டூல் ஒன்றை எனக்காக வெளியே போட்டு வைத்தார்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் நூலைப் பிரித்தார். ஸ்பேனரை மாட்டி, என் கையில் கொடுத்தார். பைப் இல்லை. "சப்பாத்தி மாவு பிசையிற பலம் போதும். கடிகாரம் சுத்துற பக்கம்." திருப்பினேன். 'கிர்' என்று ஒரு சின்னச் சத்தம். நட்டு என் கையோடு வந்தது. நான் போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் ஓடி வந்தார். அண்ணன் நட்டை உள்ளங்கையில் வைத்து, வேட்டி நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தார். "மரை ஒண்ணு கூடத் தேயல" என்றார். குரல் தழுதழுத்தது. ஒரு நட்டுக்கு அழுகிற மனுசனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே வைண்டிங் கருகிப்போயிருந்தது. பேரிங் இரண்டும் ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொண்டு இருந்தன. அவர் பாட்டிலை எடுத்துச் சொட்டு விட ஆரம்பித்தார். "பேரிங்கு ஊறணும். இழுக்கிற புல்லர் போட்டு ஒரு நாளைக்குக் கால் திருப்பு. அப்புறம் கம்பி சுத்தணும். ஆவணி கடைசியில பாப்போம்."

"அண்ணே, ஆவணி கடைசியா?" என்று எழுந்துவிட்டேன். "மொத முகூர்த்தத்துக்கு இன்னும் எட்டு நாள்தான்ணே இருக்கு!"

"ஊற..."

"ஊறவும் வேணாம் ஒண்ணும் வேணாம்! நான் வேலைய விட்டுட்டேன்ணே! மூணு வாரமாச்சு. வீட்டுல சொல்லல. தினமும் டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டு இங்க வந்து உக்காந்துருக்கேன், தெரியலையா உங்களுக்கு? ரூமு போச்சுன்னா வேலையும் இல்ல, கடையும் இல்ல. அவருகிட்ட எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

சந்தில் நின்று சத்தமாக அழுதேன். கொஞ்சமும் வெட்கமில்லை. அவர் பாட்டிலை மூடிப் பையில் போட்டார். கடைக்குள் போனார்.

அதற்கப்புறம் நான் பார்த்தது வேறு ஆள். அன்று மத்தியானமே புல்லரை முறுக்கிப் பேரிங்கைச் சுட வைத்து உருவினார். காய்ந்த முகத்தோடு டீயைச் சுடச்சுடக் குடித்தார். வாயைச் சுட்டுக்கொண்டார். பத்து நாள் சுற்றுகிற கம்பியை மூன்று நாளில் சுற்றினார். நட்டிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடைக்காரர் என்னிடம் வந்து, "அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று அறைக்கு வெள்ளையடித்து, வாசலில் கோலம் போட்டு, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. புதுக் கல் இரண்டும் மாட்டியிருந்தன. அறைக்கார அம்மா பட்டுச்சேலையில் வந்து, தையல் கத்தரி ஒன்றை என் கையில் கொடுத்தது. வீட்டுக்காரர் வேனை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடைந்த முன்னேற்றத்தைப் பற்றி வீட்டில் அளந்துவிட்டிருந்தேன். அவரும் நம்பியதுபோல்தான் இருந்தது.

"எல்லாரும் பக்கவாட்டுல நில்லுங்க, கல்லுக்கு நேரா யாரும் நிக்காதீக" என்றார் அண்ணன். சுவிட்சைப் போட்டார்.

மிஷின் உறுமியது. கல் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் இடது பக்கத்திலிருந்து அந்த நட்டு, இருபத்திரண்டு நாள் எங்களைத் தண்ணி குடிக்க வைத்த அதே நட்டு, தானாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. தரையில் 'டிங்' என்று விழுந்தது. வாசற்படி தாண்டிச் சந்துச் சரிவில் உருண்டது.

அண்ணன் பிளக்கைப் பிடுங்கினார். அடுத்த நொடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கூட்டமாக இருந்தால் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறுகிற மனுசன், சந்தில் கோழிகளையும் சைக்கிளையும் விலக்கிக்கொண்டு நட்டுக்குப் பின்னால் ஓடினார். சாக்கடைக்கு ஒரு முழம் முன்னால் காலால் மிதித்துப் பிடித்தார். அறைக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷின் ஓடவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"பின்பக்கமாச் சுத்துது" என்றார். "ரெண்டு கம்பிய மாத்திக் குடுத்துட்டேன். நேராச் சுத்துனா இறுகுற நட்டு, பின்னால சுத்துனா கழண்டுரும். கல்லு மாட்டுறதுக்கு முன்னால எந்தப் பக்கம் சுத்துதுன்னு நின்னு பாப்பேன். முப்பது வருசமா பாத்திருக்கேன். இந்தத் தடவை பாக்கல. தப்பு என்னுதுதான்."

"பரவால்லண்ணே..."

"இல்ல தங்கச்சி. அவசரப்பட்டுட்டேன். உங்க வேலை போனது வீட்டுக்காரருக்குத் தெரியுறதுக்குள்ள ஓட விட்டுரணும்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர், என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோசனம்?

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் வாழ்க்கையிலேயே எதற்கும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

"தெரியும்ணே" என்றார் அவர், அண்ணனிடம். "வேலைய விட்ட மறுநாளே கம்பெனி கேட்டுல சொல்லிட்டாக. லோடு எறக்கத் தினமும் அந்த வழியாத்தான போறேன்."

"ஏங்க, தெரியுமா? தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?" என்று எகிறினேன். தப்பு செய்தவள் நான், சண்டைக்குப் போவதும் நான்.

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். "டிபன் பாக்ஸ்ல தினமும் ஒரு முட்டை கூடுதலா வச்சேன்ல, அதுலயாச்சும் தெரிஞ்சுக்குவேன்னு பாத்தேன்."

அந்த முட்டையை நான் தினமும் சாப்பிட்டேன். ஏன் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

அண்ணன் ஒன்றும் கேளாதவர் மாதிரி மூடியைக் கழற்றி, உள்ளே இரண்டு கம்பியை இடம் மாற்றி முறுக்கினார். கல் இல்லாமல் ஒரு தடவை ஓடவிட்டார். நின்று பார்த்தார். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். கல்லை மாட்டி, நட்டைத் துடைத்து இறுக்கினார். பிளக்கைச் சொருகினார். அறைக்கார அம்மா வாட்சைப் பார்த்து, "முகூர்த்தம் முடிய அஞ்சு நிமிசம்தான் இருக்குத்தா, சட்டுனு கத்தரிய வை" என்றது.

நான் கத்தரியை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் வந்தேன். வீட்டுக்காரர் சுவிட்சில் கைவைத்துக்கொண்டு, "போடவா?" என்றார்.

"இருங்க" என்றார் அண்ணன். "தங்கச்சி கண்ணத் தொடச்சுக்கிறட்டும். கண்ணுல தண்ணி இருந்தா பொறி தெரியாது."

முந்தானையால் துடைத்தேன். திரும்பவும் வந்தது. மறுபடி துடைத்தேன். மூன்று பேரும் நின்றார்கள். அறைக்கார அம்மாகூட வாட்சைப் பார்க்கவில்லை.